பூஞ்சணம் பிடிக்காத கார்

கண்டிப் பக்கத்தில் ஒரு காரை மாதக்கணக்கில் மூடி வைக்கிறவர்கள் மழையைத்தான் திட்டுவார்கள். மழை பாவம், அது வெளியே பெய்துவிட்டுப் போகிறது. காருக்குள் பூஞ்சணம் வருவது மனிதர்களால். அவர்கள் விடும் மூச்சு, முதுகு வியர்வை, குடையிலிருந்து சொட்டும் தண்ணீர், பிள்ளைகள் சீட் இடுக்கில் போட்டுவிட்டுப் போகும் பிஸ்கட் தூள். இதையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒருவரையும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால், எங்கள் அலவத்துகொட ஈரத்திலும் ஒரு கார் இரண்டு வருடம் புதிதாகவே இருக்கும்.

யோகராஜ் ஐயா, நீங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். ஹபீலின் கார் அந்தப் புதன்கிழமை பகல் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் குழம்பும், எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் கோடு போட்ட தாளும் பேனாவும் தந்து, இந்த மேசையை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். ஹபீலின் மகள் மின்ஹா, ஆறு வயது, அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூச்சு நின்று மவுத்தாகிப் போனாள். விசாரணை அதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். ஆனால் பூஞ்சணத்தில் தொடங்காமல் எனக்குச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் முனாப். வயது ஐம்பத்தெட்டு. மாத்தளை ரோட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் மேலே, வீட்டோடு ஒட்டினாற்போல் குஷன் கடை வைத்திருக்கிறேன். வாகன சீட் தைப்பதும் கூரைத் துணி மாற்றுவதும்தான் முப்பத்திரண்டு வருடமாக என் தொழில். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கத்தாருக்குப் போன ஒருவர் திரும்பி வந்து தன் காரைத் திறந்தபோது, ஸ்டியரிங்கில் வெள்ளை வெள்ளையாக ரோமம் முளைத்திருந்தது. அந்தக் காரை நான்தான் சுத்தம் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு வெளிநாடு போகிறவர்கள் காரை என்னிடமே விட்டுப்போகத் தொடங்கினார்கள். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, தரைக்குச் சீமெந்து பூசி, நான்கு கார் நிற்க இடம் செய்தேன்.

என் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. கார் வந்தவுடன் கால்மிதிகளை வெளியே எடுத்துவிடுவேன். உள்ளே தூசு இழுத்து, சீட்டைத் துடைத்து, நாலு கதவையும் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைப்பேன். முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்துத் தண்ணீர் தேங்குகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கம்பி விட்டுக் குத்துவேன். தேங்காய்ச் சிரட்டைக்கரியைத் துணிப்பையில் போட்டுத் தைத்து சீட்டுகளுக்குக் கீழே வைப்பேன். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, அந்த இடைவெளிக்குப் பூச்சி ஏறாதபடி நுளம்பு வலை ஒட்டுவேன். மேலே போர்ப்பது பருத்தித் துணி. சில பேர் பொலித்தீன் போட்டு மூடிவிட்டு, பத்திரமாக மூடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொலித்தீனுக்குள் ஈரம் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தும். செவ்வாய்க்கிழமை தோறும் பேட்டரிக்கு சார்ஜ் போட்டு, எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு, ஏசியையும் போடுவேன். ஏசி உள்ளே இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். சார்ஜ் போட்ட திகதியைச் சுவரில் சோக்கால் எழுதி வைப்பது என் பழக்கம். அந்தச் சுவரை நீங்கள் நேற்று வந்து படம் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

ஹபீலின் வீடு என் வீட்டுக்கு மேலே, அறுபத்து நாலு படி ஏறிப் போக வேண்டும். அங்கே வாகனம் போகாது. அவர் தோஹாவில் வேலை செய்கிறார். மனைவி ஷஹ்மா, ஒரே பிள்ளை மின்ஹா. போன வருடம் லீவில் வந்தபோது ஒரு ஜப்பான் கார் வாங்கினார். லீவு முடிந்து போகும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லாரும் பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது, சாவியை என் கையில் வைத்தார்.

"முனாப் நானா, இது அமானிதம்," என்றார்.

ஐயா, நீங்கள் கட்டுகஸ்தொட்டையில் எங்கள் ஆட்களோடு பழகியவர், அமானிதம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கும். ஒருவர் நம்பித் தந்த பொருளைத் தந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கை வைத்தால் நாளைக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை ஒருவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எழுத்தும் கையெழுத்தும் தேவையில்லை. ஊரில் எல்லாருக்கும் நான் மூத்த அண்ணன் மாதிரி, முனாப் நானா. என் கையில் கொடுத்த கார் பூஞ்சணம் பிடிக்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தப் பெயர் எனக்குப் பெரிய சந்தோஷம் என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை.

மின்ஹா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் கடைக்கு வருவாள். வெட்டி மிஞ்சிய ரெக்சின் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்வாள். போகும்போது பின்பக்கம் எட்டிப் பார்ப்பாள். தகப்பன் அவளுக்கு வாப்பா, தாத்தா வயதான நான் அப்பா.

"முனாப் அப்பா, எங்கட வாப்பாட கார் இன்னும் தூங்குதா?" என்று கேட்பாள்.

தூங்குகிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் போவாள். செவ்வாயில் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டால் படியிலிருந்தே கை தட்டுவாள். அவளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு. ஈரக் காற்று கூடினால் நெஞ்சு விசில் அடிக்கும். வீட்டில் மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் வைத்திருந்தார்கள்.

இனி கலியாணத்துக்கு வருகிறேன்.

என் தங்கச்சியின் மகன் ஷப்ராஸுக்கு ஆகஸ்ட் கடைசியில் கலியாணம். பெண் வீடு கலகெதர. மாப்பிள்ளைக்குப் பேசி வைத்த கார் அன்று காலை எட்டு மணிக்குக் கடுகண்ணாவையில் பழுதாகி நின்றுவிட்டது. பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். தங்கச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள்.

"மாப்புள வேன்ல போய் எறங்கினா அந்த ஊட்டாள் நாளைக்கு என்த்த பேசுவாங்க, நானா?"

என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். நான் பின்பக்கம் போய்ப் போர்வையைக் கழற்றினேன். நாலு மணி நேரத்து வேலைதானே என்று நினைத்தேன். அன்று ஹபீலின் காரில் பூ கட்டி, மாப்பிள்ளையை முன்னால் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். கலகெதரயில் எல்லாரும் காரைப் பார்த்தார்கள். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம் நிறைய வட்டிலப்பம் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி. பின் சீட்டில் என் மனைவி கைரியா அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கலகெதரயிலிருந்து இறங்கும் வளைவொன்றில் எதிரே பஸ் ஒன்று அகலமாக வந்தது. நான் பிரேக் பிடித்தேன். பாத்திரம் கவிழ்ந்தது. சூடு ஆறாத வட்டிலப்பம், பாதிக்கு மேல் சீட்டுக்குள் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கழுவினேன். மேலால் துடைக்கிறதைத் துடைத்தேன். ஆனால் உள்ளே இருப்பது பஞ்சு. தேங்காய்ப்பால் அதில் ஏறினால் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுக்க ஏலாது. சீட்டைக் கழற்றி, துணியை உரித்து, பஞ்சைத் தூக்கி வீச வேண்டும். எனக்கு அது இரண்டு நாள் வேலை. கைரியாவும் அதைத்தான் சொன்னாள்.

"கழத்தி மாத்துங்களே. உங்கட வேலதானே?"

மாற்றலாம். ஆனால் என் கடைக்கு முன்னால் நாள் முழுக்க ஆட்கள் போகிறார்கள். ஷஹ்மாவின் தம்பி அஸ்ஃபர் காலையும் மாலையும் அந்த வழியால்தான் போவான். ஹபீலின் கார் சீட் வெளியே கிடந்தால், ஏன் நானா, என்ன நடந்தது என்று கேட்பான். அமானிதக் காரில் மாப்பிள்ளை கூட்டிப் போனேன் என்று நான் எப்படிச் சொல்வது? கொஞ்சம் ஆட்கள் மறக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தது. கரிப்பைகளை இரட்டிப்பாக்கினேன். கண்ணாடியை ஏற்றி மூடினேன், வாசம் வெளியே வரக்கூடாது என்று. அந்த இடத்தில்தான் பிழை விட்டேன். முப்பத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன் செய்யக்கூடாத வேலை அது.

செப்டம்பர் நடுவில் மழை பிடித்தது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தேன். கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்தது. பின் சீட் முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருந்தது. சீட் பெல்ட்டில் ஏறி, கூரைத் துணியில் புள்ளி புள்ளியாக நின்று, முன் சீட்டின் முதுகுக்கும் வந்துவிட்டது. வினாகிரி போட்டுத் துடைத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தது. மறுபடியும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது இடம் மாறிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஐயா. வேறு எதுவும் இல்லை, வெட்கம்தான். அதற்குப் பிறகு எஞ்சினைக்கூட ஓடவிடவில்லை. ஓடவிட்டால் ஏறி உட்கார வேண்டும். போர்வையைக் கழற்றாமல் முன்பக்கத்தை மட்டும் மடித்து, பேட்டரிக்கு சார்ஜ் போடுவதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு வசதியாக பொனட்டைப் பூட்டாமலே சாத்தி வைத்திருந்தேன்.

ஹபீலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் காரின் படம் ஒன்று அனுப்புவேன். கார் வந்த முதல் மாதத்தில் நாற்பது படம் எடுத்து வைத்திருந்தேன், உள்ளும் வெளியுமாக. அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினேன். "ஜஸாகல்லாஹ் நானா, பளிங்கு மாதிரி வச்சீக்கிறீங்க" என்று பதில் வரும். அவர் டிசம்பரில் வருவதாக இருந்தது. நான் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குச் சொல்லி, அதே நிறத் துணியும் கூரைத் துணியும் பஞ்சும் எடுப்பித்தேன். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பார்சல் வரும் என்றார்கள். சனியும் ஞாயிறும் கடையைச் சாத்திவிட்டு வேலையை முடிப்பது என் திட்டம். ஒருவருக்கும் தெரிய வராது, ஒருவருக்கும் நஷ்டமும் இல்லை.

மின்ஹா பின்பக்கம் எட்டிப் பார்ப்பதையும் நிறுத்தினேன். உள்ளே மருந்து போட்டிருக்கிறேன், உன் நெஞ்சுக்குக் கூடாது என்று சொன்னேன். அவள் கடை வாசலிலேயே நின்று, கார் தூங்குதா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

பார்சல் வரவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் புதன்.

காலையிலிருந்து மழை. ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. பகல் ளுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லி அரை மணி நேரம் இருக்கும். நான் ஜன்னல் பக்கத்தில் இருந்து கால் மெஷினில் ஒரு வேன் சீட் தைத்துக்கொண்டிருந்தேன். படியில் ஆட்கள் இறங்குவது தெரிந்தது. முன்னால் அஸ்ஃபர், தோளில் மின்ஹா. பின்னால் ஷஹ்மா, பிள்ளைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி. பிள்ளையின் தலை அஸ்ஃபரின் தோளில் ஆடிக்கொண்டு வந்தது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இழுப்பு வந்திருக்கிறது, கரண்ட் இல்லாமல் மெஷின் போட ஏலாது, காருக்கு வருகிறார்கள்.

அறுபத்து நாலு படி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்க இரண்டு நிமிடம் பிடிக்கும். அவர்கள் மேலே வளைவில்தான் இருந்தார்கள். நான் எழுந்து, மேசையிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஓடவில்லை. போர்வையை மடித்து, பொனட்டைத் தூக்கி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைத் தளர்த்திக் கழற்றிப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டேன். பொனட்டைச் சாத்தி, போர்வையை இழுத்துவிட்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வரும்போது அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"நானா, காரை எடுங்க. புள்ளைக்கி மூச்சு எடுக்க ஏலாம ஈக்கி," என்றான் அஸ்ஃபர். "அம்புலன்ஸுக்கு அடிச்சோம், வர ஒரு மணித்தியாலம் ஆகும் எண்டாங்க."

"பேட்டரி செத்துப் போச்சு அஸ்ஃபர். ஸ்டார்ட் ஆகாது."

"சாவியத் தாங்க, நான் பாக்கிறேன்."

நான் சாவியை எடுத்து, அவன் பார்க்க, காரை நோக்கி பட்டனை அழுத்தினேன். மூன்று முறை அழுத்தினேன். ஒரு லைட்டும் மின்னவில்லை. கதவுப் பூட்டும் சத்தம் போடவில்லை.

"தள்ளிப் பாப்பமே, நானா," என்றாள் ஷஹ்மா. அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஓட்டோ கியர், புள்ள. தள்ளினா ஸ்டார்ட் ஆகாது."

அது உண்மை. முதலில் சொன்ன ஒரு பொய்க்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் உண்மைதான். என் கொட்டகையில் இருந்த மற்றக் கார் சில்லு நாலும் கழற்றி, கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தது. அதையும் காட்டினேன். பக்கத்து வீட்டு ரிஸ்மியின் திரீவீலர் கண்டிக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். கிழமை நாள் பகலில் எங்கள் தெரு ஆண்களும் வாகனங்களும் அக்குறணைக் கடைகளில்தான் இருக்கும். ரோட்டுக்கு இறங்கினால் ஏதாவது கிடைக்கும் என்று சொல்லி, கடையிலிருந்த பெரிய குடையையும் கொடுத்தேன். மின்ஹாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் கண் திறந்திருந்தது. போர்வை போர்த்திய காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹபீல் சாவி தந்த அன்று சொன்னதில் ஒரு பகுதியை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். அமானிதம் என்று சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்.

"புள்ளைக்கி இழுப்பு வந்தா எந்த நேரம் எண்டாலும் அஸ்ஃபர்ட கையில சாவியக் குடுங்க நானா. அதுக்குத்தான் டவுன்ல விடாம உங்கட எடத்துல விடுற."

அதாவது, அந்தக் கார் வாங்கியதே அவளுக்காகத்தான்.

அவர்கள் இறங்கிப் போனதும் கைரியா வந்தாள். உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தவள், தொழுகைப் புடவையோடு வந்து நின்றாள். பேசியது அரைகுறையாகக் கேட்டிருக்கிறது.

"பேட்டரியா? நேத்துத்தானே சார்ஜ் போட்டீங்க?"

அவள் என் இடுப்பிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"கூப்பிடுங்க," என்றாள். "இன்னும் தெரு வளைவு தாண்டியிருக்க மாட்டாங்க. அல்லாஹ்வுக்காகக் கூப்பிடுங்க."

அவள் சொன்னது சரி. தாண்டியிருக்க மாட்டார்கள். வயரை மாட்டி இறுக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. நான் ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். அந்த வேன் சீட்டின் ஓரத் தையல் பாதியில் நின்றது. அதை முடித்தேன். கைரியா தெருவில் இறங்கி மழையில் ஓடினாள். அவள் கத்துவது எனக்குக் கேட்டது. தகரக் கூரை மழைக்குள் அவர்களுக்கு அது கேட்டிருக்காது. அவளுக்கு முழங்கால் வருத்தம், அதிக தூரம் போக ஏலாது. நனைந்து திரும்பி வந்து, அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைத்தான் பேப்பரில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்து தந்திருக்கிறாள். அது என்னுடையதுதான். இப்போது இந்த மேசையில் என் இடது கைப் பக்கம் இருக்கிறது.

மீதியை அஸ்ஃபர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். ரோட்டில் இருபது நிமிடம் நின்றார்கள். மாத்தளையிலிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்று நிறுத்தியது. அக்குறணை தாண்டும்போது பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் நின்றுவிட்டதாம். சத்தம் நின்றதும், இழுப்பு அடங்கிவிட்டது என்று ஷஹ்மா முதலில் சந்தோஷப்பட்டாளாம்.

வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். நானும் ஜனாஸா தொழுகையில் நின்றேன், மூன்று பிடி மண்ணும் போட்டேன். ஹபீல் வந்து சேர முடியவில்லை, விமானம் வெள்ளிக்கிழமைதான். பார்சலும் வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தது. சனியும் ஞாயிறும் வேலை செய்தேன். மரண வீட்டுக்கு மரியாதையாகக் கடையைச் சாத்தியிருக்கிறார் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். பழைய பஞ்சைத் தோட்டத்தில் எரித்தேன். கூரைத் துணியைப் புதிதாக ஒட்டினேன். பெல்ட்டுகளைக் கழற்றி அவித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. பிறகு பேட்டரி வயரை மாட்டி இறுக்கினேன். ஒரு உதைக்கே எஞ்சின் பிடித்தது.

எல்லாம் மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்க வேண்டும், அது முறை. ஞாயிறு பின்நேரம் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்று அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த்தான் திருப்பினேன். அன்றும் மழைதான். பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.

திங்கள் காலை ஹபீல் தனியாக வந்தார். நான் போர்வையைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் முன்னால் ஏறாமல் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் உள்ளேயே இருந்தார். முகத்தை அந்த சீட்டில் வைத்திருந்தார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"ஒரு வாசம்கூட இல்ல நானா. இவ்வளவு மழைக்கும். நல்லா வச்சீந்தீங்க," என்றார்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், அதனால் இதையும் எழுதுகிறேன்.

பேட்டரியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரி சாவது சகஜம்தானே, அல்லாஹ்வின் நாட்டம் என்று எடுத்துக்கொண்டார். கைரியா மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. போன கிழமை சுவரிலிருந்த சோக்குத் திகதிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புதனுக்கு முதல் நாள் செவ்வாயின் திகதியும் அதில் இருந்தது. நான் அதை அழித்திருக்கலாம். அழிக்கத் தோன்றவில்லை, அது சரியான திகதி.

ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. அந்தப் பிள்ளைக்கு ஆகாதது பூஞ்சணம்தான். எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்று நான் கதவைத் திறந்து அந்தப் பின் சீட்டில் அவளை ஏற்றியிருந்தால், பன்னிரண்டு நிமிடமும் அந்தக் காற்றைத்தான் இழுத்திருப்பாள். அப்படி ஒரு காரில் பிள்ளையை ஏற்ற எனக்கு மனம் வருமா? இதை நான் வயரைக் கழற்றும்போது நினைக்கவில்லை, அதுவும் உண்மை. பிறகுதான் நினைத்தேன். ஆனாலும் நினைத்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் படுகிறது. கைரியாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பேட்டரியில் பழுது இல்லை, எஞ்சினிலும் பழுது இல்லை. வயரை நான்தான் கழற்றினேன். அவர்கள் படியில் இறங்குவதைப் பார்த்த பிறகு, யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டே கழற்றினேன். கைரியா கூப்பிடச் சொன்னபோது கூப்பிடவில்லை. இதை ஹபீலுக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று சொன்னீர்கள், காட்டுங்கள். காரை அவர் இன்னும் எடுத்துப் போகவில்லை. கொட்டகையில்தான் நிற்கிறது, கண்ணாடி ஒரு விரல் இறக்கி, வலை ஒட்டி, புதுக் கரிப்பை வைத்திருக்கிறேன். நேற்று செவ்வாய், சார்ஜும் போட்டேன்.

உள்ளே இப்போது ஒரு புள்ளிகூட இல்லை. இன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களென்றால், நான் ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்துவிடுவேன்.